தேர்த்துகளும் தூசிக் கணக்கும்

பழந்தமிழ் நீட்டலளவை வாய்பாட்டில் அணுவுக்கு அடுத்த படியில் நிற்பது தேர்த்துகள். எட்டு அணு கொண்டது ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர் என்று வளர்ந்து, நுண்மணல், கடுகு, எள், நெல் ஆகியவற்றைக் கடந்து, விரலையும் சாணையும் முழத்தையும் சென்று சேர்கிறது அவ்வாய்பாடு. ஓடும் தேரின் சக்கரம் கிளப்பிய தூசியை ஓர் அளவுகோலாகக் கொண்ட மொழி நம்முடையது. வடமொழி மனுநூலோ, சாளரத்தின் வழியே விழும் கதிரொளியில் மிதக்கும் துகளுக்குத் திரசரேணு என்று பெயரிட்டு, அதனை நிறுத்தலளவையின் முதற்படியாக வைத்தது. கண்ணுக்கு எட்டும் எல்லையில் நிற்கும் பொருள் என்பதனாலேயே தூசி அளவைகளின் தொடக்கமாயிற்று எனலாம்.

ஒரு காலத்தில் அளவுகோலாக இருந்த தூசியையே அளக்க வேண்டிய தேவை மிகப் பிற்காலத்தில்தான் எழுந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். துகள் என்ற சொல்லுக்குப் பொடி என்ற பொருளோடு குற்றம் என்ற பொருளும் உண்டு; மாசு என்ற சொல்லும் அவ்வாறே. தூசியை அளப்பது என்பது எக்காலத்தும் குற்றத்தை அளப்பதாகவே இருந்து வந்திருக்கிறது. யாருடைய குற்றம், யார் அளப்பது, எவருடைய அளவை ஏற்பது என்னும் வினாக்கள் கருவிகளின் வரலாற்றுக்குள்ளேயே பொதிந்து கிடக்கின்றன. சில ஆயிரம் ரூபாய்க்குத் தூசி அளக்கும் உணரி, அதாவது சென்சார், கடைகளில் கிடைக்கும் இந்நாளில் அவ்வினாக்கள் மீண்டும் உயிர் பெற்றுள்ளன.

ஒளிக்கற்றையும் வெள்ளித் தகடும்

1870ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இலண்டன் இராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் தூசியும் நோயும் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இருட்டிய அரங்கின் ஊடே வலிமை மிக்க ஒளிக்கற்றையொன்றைச் செலுத்தி, அவையோர் மூச்சிழுத்துக்கொண்டிருந்த காற்று எத்தனை துகள்களால் நிறைந்தது என்பதைக் கண்கூடாக்கினார். அவ்வொளிக்கற்றையின் கீழே சுடரொன்றை வைத்தபோது கற்றைக்குள் கரும்புகை போன்ற சுருள்கள் எழுந்தன. அவை புகையல்ல, துகள்கள் எரிந்தும் விலகியும் போனதால் ஒளியைச் சிதறடிக்க எதுவுமின்றி இருண்ட வெற்றிடங்கள் என்று அவர் விளக்கினார். தூசி இருக்கும் இடத்தில்தான் ஒளியின் பாதை நமக்குத் தெரிகிறது. ஓட்டு வீட்டின் இடுக்கு வழியே விழும் வெயிலில் நாம் கண்டதும், திரசரேணு என்று முன்னோர் பெயரிட்டதும் இதே நிகழ்ச்சிதான். இன்றைய மலிவு உணரியின் உள்ளே நிகழ்வதும் இதுவே என்பதைப் பின்னர் காண்போம்.

டிண்டால் தூசியைக் காட்டினார், எண்ணவில்லை. எண்ணியவர் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரைச் சேர்ந்த ஜான் எய்ட்கன். காற்றிலுள்ள நீராவி திவலையாக உறைவதற்கு ஒரு துகள் கருவாக வேண்டும் என்பதை 1880களின் தொடக்கத்திலேயே அவர் நிறுவியிருந்தார். அதனையே தலைகீழாக்கி, ஈரம் நிறைந்த காற்றை ஒரு கலத்தில் அடைத்துத் திடீரென விரியச் செய்தார். காற்று குளிர்ந்தது, ஒவ்வொரு துகளும் ஒரு திவலையாயிற்று, அத்திவலைகள் கட்டமிட்ட வெள்ளித் தகட்டின் மேல் விழுந்தன, அவற்றை உருப்பெருக்கி வழியே எண்ணினார். பின்னர் சட்டைப்பையில் வைத்துச் செல்லத்தக்க சிறு வடிவம் ஒன்றையும் செய்தார். சுவிட்சர்லாந்தின் ரிகி மலை உச்சியிலும், 1889இல் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஈஃபில் கோபுரத்தின் மீதும் அவர் துகள்களை எண்ணினார். பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்திலும் அவருடைய கருவி பயன்பட்டது.

தூசிக்கு முதன்முதலாக ஓர் எண் கிடைத்தது. ஆயினும் அவ்வெண்ணுக்கு ஒரு குறை உண்டு. பெரிய துகளும் சிறிய துகளும் அதில் ஒன்றே. காற்றில் மிதப்பவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தவை மிக நுண்ணியவை. எடையில் மிகுந்தவை அவையல்ல. எனவே எய்ட்கனின் எண்ணைக் கொண்டு ஒரு தொழிற்கூடத்திலிருந்து எவ்வளவு தூசி கிளம்புகிறது என்று கூற இயலாது. எந்தக் கருவியும் தனக்கு எட்டியதை மட்டுமே நமக்குச் சொல்கிறது. இவ்வரலாறு முழுவதிலும் நாம் திரும்பத் திரும்பக் காணப்போவது இதுவே.

புனலும் புட்டியும்

எய்ட்கனின் கருவி அறிவியலாளரின் கையிலேயே தங்கிவிட்டது. நகராட்சிகளுக்கும் குடிமக்களுக்கும் வேண்டியிருந்தது வேறொன்று. 1912ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற புகை ஒழிப்புக் கண்காட்சியை ஒட்டி, காற்று மாசை ஆராய்வதற்கு ஒரு குழு அமைந்தது. வானிலையியல் அறிஞர் நேப்பியர் ஷா அதன் தலைவர். ஜான் ஸ்விட்சர் ஓவன்ஸ் அதன் செயலாளர். அக்குழு தேர்ந்த கருவி, வியக்கத்தக்க எளிமை கொண்டது. அகன்ற வாயுடைய ஒரு புனல். அதன் கீழே ஒரு புட்டி. மாதம் முழுவதும் மழையோடும் மழையின்றியும் வானிலிருந்து விழுவதனைத்தும் புட்டியில் சேரும். மாத இறுதியில் அதனை வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துவார்கள். ஒரு சதுர மைல் பரப்பில் எத்தனை டன் என்று கணக்கிடுவார்கள்.

1914 முதல் பிரிட்டனின் பல நகரங்கள் இவ்வாறு தம் வானத்தை நிறுக்கத் தொடங்கின. ஆலை நகரங்களில் ஒரு சதுர மைலுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான டன் கரியும் சாம்பலும் விழுவது தெரியவந்தது. டன் என்ற சொல்லுக்கு ஒரு வலிமை உண்டு. ஒரு கன சென்டிமீட்டரில் இத்தனை ஆயிரம் துகள் என்பது ஆய்வகத்தின் மொழி; உங்கள் தெருவின் மேல் இத்தனை டன் கரி கொட்டுகிறது என்பது சந்தையில் நிற்பவர்க்கும் விளங்கும் மொழி. மலிவான கருவி தந்த முதல் நன்மை இதுவே: ஓர் ஊர் மற்றோர் ஊரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ள முடிந்தது.

இக்கருவிக்கும் குறை இருந்தது. எடை மிகுந்து கீழே விழுவதை மட்டுமே புட்டி பிடிக்கும். விழாமல் மிதந்து மூச்சில் சேரும் நுண்புகை அதற்கு எட்டாது. இதனை உணர்ந்த ஓவன்ஸ், காற்றை வெண்தாளின் வழியே இழுத்து, தாளில் படியும் கறையின் கருமையைக் கொண்டு புகையை மதிப்பிடும் தானியங்கிக் கருவியையும் உருவாக்கினார். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய கொடும்பனிப்புகையில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 4,000 என அன்று கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை கூறுகின்றன. புட்டியில் விழாத புகையே மக்களை மாய்த்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

சுரங்கத்தின் கணக்கு

நகரத்துத் தூசி கண்ணுக்குத் தெரிந்தது. மண்ணுக்கடியில் கிளம்பிய தூசியைக் கண்டவர்கள் அதனைச் சுவாசித்தவர்கள் மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்க வயல்களில், பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் கிளப்பிய படிகக்கல் தூசி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துளைப்பாளர்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. 'சுரங்கத்தார் காசம்' என்று அன்று பெயர் பெற்ற நோய், இன்று சிலிக்கோசிஸ் எனப்படுகிறது. 1902இல் அதனை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. 1911, 1912 ஆண்டுகளில் இழப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்தபின் அளவு வேண்டுமல்லவா? அரசின் சுரங்கப் பொறியாளராக இருந்த ராபர்ட் கோட்சே 1916இல் 'கோனிமீட்டர்' என்னும் கருவியை அமைத்தார். கோனிஸ் என்பது தூசிக்குரிய கிரேக்கச் சொல்.

கையடக்கமான அக்கருவி, சில கன சென்டிமீட்டர் காற்றை விசையோடு இழுத்து, பசை தடவிய கண்ணாடித் தட்டின் மேல் மோதச் செய்யும். தட்டில் ஒட்டிய துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். சுரங்கத்தின் எந்த முனையிலும் நின்று நொடிப்பொழுதில் எடுத்துவிடலாம் என்பதால் அது பல நாட்டுச் சுரங்கங்களுக்கும் பரவியது. ஆனால் அந்த நொடிப்பொழுதே அதன் குறை. இமைப்பொழுதில் பிடித்த காற்று, எட்டு மணி நேர உழைப்புக்குச் சான்றாக நிறுத்தப்பட்டது. அன்றியும், விசையோடு மோதும் பெரிய துகள்கள் தட்டில் ஒட்டிக்கொள்ள, மிக நுண்ணியவை காற்றோட்டத்தோடு வளைந்து தப்பிவிடும். நுரையீரலின் அடியாழம் வரை செல்பவை நுண்ணியவையே. நீர் தெளித்துத் துளைக்கும் முறை வந்தபின் கண்ணுக்குத் தெரியும் தூசி குறைந்தது, எண்ணிக்கையும் குறைந்தது, நோய் வென்றெடுக்கப்பட்டது என்ற எண்ணம் பரவியது. அந்நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை வரலாற்றாசிரியர் ஜாக் மெக்கல்லக் 2012இல் வெளியான தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நோயுற்ற கறுப்பினத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதால் அவர்களுடைய நோய் கணக்கில் ஏறாமலே போயிற்று. அச்சுரங்க நிறுவனங்களுக்கு எதிரான தொழிலாளர் கூட்டு வழக்கில் 2018இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. 2019இல் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. கோனிமீட்டர் தோன்றி நூறு ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்விடத்தில் நம்மவர் கதையையும் கூறாமல் இருக்க இயலாது. 1880 முதல் ஆங்கிலேய நிறுவனத்தின் கீழ் வளர்ந்த கோலார் தங்க வயலில் பாறை துளைத்தவர்களிற் பெரும்பாலோர், வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் சென்ற தமிழர்கள். 1940க்கும் 1946க்கும் இடையே அங்கே மருத்துவ ஆய்வு நடந்தது. 7,653 தொழிலாளர்களை ஆராய்ந்ததில் பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் கண்டிருந்தது. 1947இல் வெளியான அவ்வாய்வே இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதற்பெரும் சான்று. அந்தச் சுரங்கத்தின் தூசியளவை அவ்வாய்வில் நமக்குச் சொல்பவை தொழிலாளர்களின் நெஞ்சகங்களே. கருவி இல்லாத இடத்திலும், கருவி பொய்த்த இடத்திலும், தூசியை அளக்கும் வேலை மனித நுரையீரலின் மேல் விழுகிறது. அக்கருவி தன் விடையைச் சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது.

எண்ணுவதிலிருந்து நிறுப்பதற்கு

1959இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய நுரையீரல் தூசி நோய் மாநாடு இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. துகள்களை எண்ணுவதை விட, நுரையீரலின் அடி வரை செல்லத்தக்க நுண்துகள்களை மட்டும் பிரித்தெடுத்து நிறுப்பதே முறை என்பது அதன் பரிந்துரை. எது மூச்சில் செல்லும், எது மூக்கிலேயே தங்கும் என்ற உடலின் அளவுகோல் அவ்வாறு கருவியின் அளவுகோலாயிற்று.

வெளிக்காற்றிலும் அதே மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. அமெரிக்கா 1971இல் மிதக்கும் தூசி அனைத்திற்கும் ஒரே வரம்பு வைத்தது. 1987இல் 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசிக்கு, அதாவது பி.எம். 10க்கு, வரம்பு மாறியது. 1993இல் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு வெளியாயிற்று. மாசு மிகுந்த நகரத்தில் வாழ்ந்தோரின் இறப்பு வீதம், மாசு குறைந்த நகரத்தாரைக் காட்டிலும் 26 விழுக்காடு மிகுந்திருந்தது. அவ்வேறுபாடு நுண்துகளோடு நெருங்கி நின்றது. 1997இல் பி.எம். 2.5க்குத் தனி வரம்பு பிறந்தது. இந்தியாவில் அது 2009இல் வந்தது: நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆண்டளவோ வெறும் 5.

இந்த வரம்புகளைச் சட்டம் ஏற்கும் வகையில் அளப்பதற்கு, வடிதாளை நிறுக்கும் கருவிகளும், தாளில் படிந்த தூசியின் ஊடே பீட்டாக் கதிரைச் செலுத்தி எடை காணும் தானியங்கிக் கருவிகளும் வந்தன. இவற்றைக் கொண்ட முழு நிலையம் ஒன்றின் விலை நம் நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயை எட்டும். பயன் யாதெனில் நம்பகம். இழப்பு யாதெனில் எண்ணிக்கை. ஒரு மாநகருக்குச் சில நிலையங்களே அமையும். கல்லுடைக்கும் ஆலையை அடுத்த சிற்றூருக்கு நிலையம் வாராது. அவ்வூரார் தம் இருமலையும், உலர்த்திய துணியில் படியும் வெண்பொடியையும் தவிர வேறு சான்று காட்ட இயலாதவர் ஆயினர்.

காற்றின் திசையும் ஓர் ஏரியும்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்த வேண்டும். காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்பது ஒரு வினா. அது எங்கிருந்து, எவ்வளவு கிளம்பியது என்பது வேறொரு வினா. எவ்வளவு விலை உயர்ந்த கருவியும், ஒற்றையாக நின்றால் முதல் வினாவுக்கே விடை தரும். இரண்டாவதற்குக் காற்று வரும் பக்கம் ஒன்றும், காற்று போகும் பக்கம் ஒன்றுமாகக் குறைந்தது இரு கருவிகள் வேண்டும். அவற்றின் வேறுபாடே நடுவிலிருக்கும் ஆலையின் பங்கு. கூடவே காற்றின் திசையும் விரைவும் நேரந்தவறாமல் பதிவாக வேண்டும்.

இக்கணக்கை மிகப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரி. புனலும் புட்டியும் வைத்த ஓவன்சுக்கும் இவ்வேரிக்கும் பெயரொற்றுமை தவிர உறவில்லை. 1913இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் வெட்டி, ஏரிக்கு வரும் ஆற்றைத் தன் குடிநீருக்குத் திருப்பிக்கொண்டது. சில ஆண்டுகளில் ஏரி வறண்டது. உப்புப் படுகையிலிருந்து எழுந்த புழுதி, அமெரிக்காவிலேயே பி.எம். 10 தூசியின் மிகப் பெரிய ஒற்றை மூலமாயிற்று. படுகையின் எந்தப் பகுதி தூசியைக் கிளப்புகிறது, எது கிளப்பவில்லை என்பதே வழக்கு. ஏனெனில் அடக்க வேண்டிய ஒவ்வொரு சதுர மைலுக்கும் நகரம் பணமும் தண்ணீரும் தர வேண்டும்.

அதற்குக் கண்ட வழியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வட்டாரக் காற்றுத் தூய்மை ஆணையம், படுகையின் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் எளிய மணற்பிடிப்பான்களை நட்டது. மண்ணில் புதைத்த ஒரு குழாய், காற்றோடு தத்திச் செல்லும் மணல் உள்ளே விழுவதற்கு ஒரு திறப்பு, இவ்வளவே. மணல் நகர்ந்த இடத்தில்தான் புழுதி எழும் என்பது அடிப்படை. மணலின் எடையையும், மணல் நகர்ந்த நேரத்தையும், காற்றின் போக்கையும், கரையில் நின்ற சில உயர்தரக் கருவிகள் காட்டிய அளவையும் ஒருங்கே வைத்துக் கணித்து, எந்தத் துண்டு நிலம் எவ்வளவு தூசியை எழுப்பியது என்று வரைபடம் தீட்டினார்கள். 2001 முதல் அந்நிலங்களில் நீர் தேக்கியும், புல் வளர்த்தும், சரளை பரப்பியும் புழுதியை அடக்கினார்கள். நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுள்ளது. மலிவான கருவிகள் பல, உயர்ந்த கருவிகள் சில, காற்றின் கணக்கு, அனைத்திற்கும் மேலாக அந்த எண்ணுக்குக் கட்டுப்பட வைக்கும் சட்டம் என இந்நான்கும் கூடிய இடத்தில் தூசி தணிந்தது. மூன்று மட்டும் இருந்திருந்தால் தணிந்திருக்காது என்பது நம் துணிபு.

ஒளிப்பெட்டியின் வரவு

2015ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டிரேப்பர் நகரருகே, தம் வீட்டுக்கு அண்மையிலிருந்த சரளைக்கல் குவாரியின் புழுதியைக் கண்டு கவலையுற்ற ஏட்ரியன் டிப்வாட் என்பவர், அதை அளக்க மலிவான வழி தேடினார். அத்தேடலே 'பர்ப்பிள்ஏர்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத் தன்னார்வலர்கள், வீட்டு வடிகாலுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் குழாய் வளைவுக்குள் உணரியைப் பொருத்தி, குடிமக்கள் தாமே செய்து மாட்டிக்கொள்ளும் வலைப்பின்னல் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னர் அது 'சென்சார் கம்யூனிட்டி' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. உணரிகளைச் செய்து தந்தவை சீன நிறுவனங்கள்.

தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய அவ்வுணரியின் உள்ளே ஒரு சிறு மின்விசிறி, ஒரு லேசர், ஒளியை உணரும் ஒரு கண். விசிறி காற்றை இழுக்கிறது. லேசர்க் கற்றையில் துகள் மிதக்கும்போது ஒளி சிதறுகிறது. சிதறிய ஒளியைக் கொண்டு தூசியின் அளவு கணிக்கப்படுகிறது. டிண்டாலின் அரங்கு ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சாளரக் கதிரில் திரசரேணுவைக் கண்ட முனிவரின் கண்ணுக்கு மாற்றாகச் சிலிக்கான் கண் அமர்ந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கண்ணும் எல்லாவற்றையும் காண்பதில்லை. அது எடையை அளப்பதில்லை; ஒளியைக் கண்டு எடையை ஊகிக்கிறது. முதலாவது, ஈரக்காற்றில் துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. உணரி நீரையும் தூசியாகக் கணக்கிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அரசு நிலையங்களின் அருகிலேயே இவ்வுணரிகளை வைத்து ஒப்பிட்டு, காற்றின் ஈரப்பதத்தையும் உட்கொண்ட திருத்தச் சூத்திரம் ஒன்றைக் கண்டது. அதன்பின் 2020இல் காட்டுத்தீப் புகை வரைபடத்தில் குடிமக்களின் உணரி அளவுகளும் இடம்பெற்றன. மலிவான கருவியை அரசு தள்ளிவிடவில்லை. அப்படியே நம்பிவிடவும் இல்லை. திருத்தி ஏற்றது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பருத்த துகள் உணரியின் வளைந்த வழியில் காற்றோடு திரும்ப இயலாமல் சுவரில் மோதி ஒழிகிறது. லேசரைச் சென்றடைவது சிறு பங்கே. ஒரே பொருளாலான 10 மைக்ரான் துகள் ஒன்று, 1 மைக்ரான் துகள்கள் 1,000க்கு ஒப்பான எடையுடையது. பெரிய துகள் சிலவற்றைத் தவறவிட்டாலும் எடைக்கணக்கு சரிந்துவிடும். இவ்வகை உணரிகள் திரையில் காட்டும் பி.எம். 10 என்ற எண், பெரும்பாலும் நுண்துகள்களைக் கொண்டு ஊகித்த எண்ணே. புழுதிப்புயல்களின்போது இவை உண்மையினும் பல மடங்கு குறைத்துக் காட்டியதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குவாரிப் புழுதியைக் கண்டு பிறந்த கருவி, காட்டுத்தீயின் புகையைக் காண்பதில் வல்லதாகவும், குவாரிப் புழுதியைக் காண்பதில் மங்கலாகவும் அமைந்துவிட்ட முரணை என்னென்பது!

இம்முரண் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கல் அறவை ஆலைக்கு அருகே வாழும் ஒருவர் இவ்வுணரியை வாங்கி வைக்கிறார் எனக் கொள்வோம். ஊரே வெண்பொடியால் மூடிக் கிடக்கையில் அது குறைந்த எண்ணைக் காட்டக்கூடும். அவர் நீதி கேட்டுச் செல்லும்போது, உங்கள் கருவியே இவ்வாறு சொல்கிறதே என்று எதிர்த்தரப்பு அதே எண்ணை எடுத்து நீட்டும். பனிக்காலை ஒன்றில் எண் ஏறினாலோ, மலிவான கருவி, ஈரத்தைத் தூசி என்கிறது என்று ஒதுக்கப்படும். கருவியின் குறையை அறியாதவர் கையில் அது இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. கோனிமீட்டரின் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: கருவியின் குறையால் விளையும் இழப்பு, தூசியைச் சுவாசிப்பவரின் மேலேயே வந்து விழுகிறது.

கையில் இருப்பதைக் கொண்டு

அப்படியானால் மலிவு உணரி வேண்டாம் என்பதா நம் முடிவு? அன்று. 2004இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்மக்கள், கலிபோர்னியாவில் தோன்றிய வாளிக் கருவியைக் கொண்டு தங்கள் காற்றைத் தாங்களே பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியதை நண்பர்கள் அறிந்திருக்கலாம். அவர்கள் பிடித்தது தூசியன்று, நச்சு வாயுக்கள். ஆயினும் நாற்றம் வீசிய நாளையும் நேரத்தையும் இடத்தையும் ஏட்டில் எழுதி, மாதிரியோடு சேர்த்து வைத்ததனாலேயே அவர்தம் சான்று வலிமை பெற்றது. கருவியை விட அவ்வேடே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

தூசிக்கும் அதுவே வழி. உணரி ஒன்றை வைப்பதை விட, மூலத்தின் இருபுறமும் இரண்டை வைப்பது பயன் தரும். வைப்பதற்கு முன் இரண்டையும் ஒரே இடத்தில் சில நாள் அருகருகே ஓடவிட்டு, அவை தம்முள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இயலுமாயின், அரசு நிலையம் ஒன்றன் அருகிலும் சில வாரம் வைத்து ஒப்பிட வேண்டும். காற்றின் திசையை நாள்தோறும் குறிக்க வேண்டும். பருத்த புழுதி உள்ள இடத்தில், உணரியோடு கூட அந்தப் பழைய புனலையும் புட்டியையும் வைக்க வேண்டும். 1912இன் கருவி காணாததை 2015இன் கருவி காண்கிறது. 2015இன் கருவி தவறவிடுவதை 1912இன் கருவி பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஓர் ஆசிரியரின் ஒரு மாத ஊதியத்துக்குள் அடங்கும்.

கோலாரில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. தங்கம் பிரித்த பின் கொட்டிய மண், சயனைடு மேடுகளாக இன்றும் அங்கே குன்றுபோல் நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் என்பது கணக்கு. காற்று மாதங்களில் அம்மேடுகளின் பொடி, சுரங்கத்தில் உழைத்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் குடியிருப்புகளின் மேல் படிகிறது. அம்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டங்களும் பேசப்பட்டு வருகின்றன. மண்ணைக் கிளறுமுன் அங்கே காற்றின் இருபுறமும் உணரிகளும், கூரைகளின் மேல் புனல்களும் வைக்கப்பட வேண்டும். அவற்றின் எண்கள் அம்மக்கள் படிக்கும் மொழியில் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். 1940களில் அவர்தம் முன்னோரின் நுரையீரல் செய்த வேலையை இம்முறை ஒரு புட்டியும் ஒரு பெட்டியும் செய்யட்டும்.